முப்பது நாள் பெப்ரவரி: தரவுத்தளத்துக்குள் விதி நுழைந்த கதை

மார்ச் 15 ஆம் திகதியிலிருந்து பெப்ரவரி 15 ஆம் திகதியைக் கழித்தால் எத்தனை நாட்கள் வரும்? நாட்காட்டியைப் பார்த்துச் சொல்பவர் எவரும் 28 என்பார்; நெட்டாண்டாயின் 29 என்பார். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் விற்பனையாகிக்கொண்டிருந்த இங்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளும் அந்த விடையையே தந்தது. விடை பிழை என்று வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் முறையிட்டார்.

அவர் பிணைமுறிகளோடு தொழில் செய்பவர். (பிணைமுறி என்ற சொல் இலங்கை வாசகர்களுக்கு 2015 ஆம் ஆண்டின் பின்னர் நன்கு பழக்கமாகிவிட்டது, அதற்கான காரணம் வேறு.) அமெரிக்கக் கம்பனிப் பிணைமுறிகளுக்கு வட்டி கணிக்கும்போது ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாட்கள், ஓர் ஆண்டுக்கு 360 நாட்கள் என்று கொள்வது அங்கு நெடுங்கால வழக்கம். 1,000 டொலர் பெறுமதியான, ஆண்டுக்கு 6 வீத வட்டி தரும் பிணைமுறிக்கு மாதமொன்றுக்கு 5 டொலர். பெப்ரவரிக்கும் 5 டொலர்தான், மார்ச்சுக்கும் 5 டொலர்தான். ஆகவே அந்த வாடிக்கையாளரின் உலகில் மார்ச் 15 இலிருந்து பெப்ரவரி 15 ஐக் கழித்தால் எக்காலத்தும் 30 நாட்களே.

மென்பொருளில் பிழையில்லை. வாடிக்கையாளரின் கேள்வியிலும் பிழையில்லை. 'திகதி' என்ற சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டிருந்தனர், அவ்வளவுதான். ஆனால் பொருளை வரையறுக்கும் அதிகாரம் மென்பொருளை ஆக்கியவரிடம் மட்டுமே இருந்தது. வாடிக்கையாளருக்கு எஞ்சியிருந்த வழி, இரண்டு திகதிகளையும் தரவுத்தளத்திலிருந்து வெளியே எடுத்து, தாம் எழுதிய தனிச் செய்நிரலில் கழித்து, விடையை மீண்டும் உள்ளே அனுப்புவதே. ஆயிரக்கணக்கான பிணைமுறிகளுக்கு இதனைச் செய்வது எத்துணை மந்தமான வேலை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிரஸின் தந்தையருள் ஒருவரான மைக்கல் ஸ்டோன்பிரேக்கர், கணனியியலின் நோபல் பரிசு எனப்படும் டியூரிங் விருதின் 2014 ஆம் ஆண்டுக்குரியதைப் பெற்றபின் ஆற்றிய உரையிலும் இச்சம்பவத்தை நினைவுகூர்ந்திருக்கிறார். தரவுத்தளத்துக்குள் பயனர் தமது சொந்த விதிகளை எழுதிவைக்கும் வசதி எவ்வாறு பிறந்தது என்று ஆராயப் புகுந்தால் இந்தத் தொலைபேசி அழைப்பைத் தவிர்த்துச் செல்ல முடியாது.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1970 ஜூன் மாதத்தில் எட்கர் கொட் என்பவர் எழுதிய கட்டுரையொன்று அமெரிக்கக் கணனிச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானமோட்டியாகப் பணியாற்றி, பின்னர் கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்த ஐபிஎம் ஆய்வுகூடத்தில் சேர்ந்தவர் அவர். தரவுகள் யாவற்றையும் எளிய அட்டவணைகளாகக் கொள்ளலாம். அவை வட்டில் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைப் பயனர் அறிய வேண்டியதில்லை. 'எது வேண்டும்' என்று கேட்டாற் போதும், 'எப்படி எடுப்பது' என்பதை இயந்திரமே தீர்மானிக்கும். இதுவே அவருடைய கருத்தின் சாரம். ஐபிஎம் நிறுவனத்தார் இதனைச் செயற்படுத்தும் சோதனையில் இறங்கியபோது, 1974 இல் டொன் சம்பர்லினும் றேமண்ட் பொய்ஸும் வகுத்த வினவல் மொழியே இன்று எஸ்.கியூ.எல். என வழங்குகிறது.

கொட்டின் அட்டவணைகளை முதலில் பயன்படுத்தியோரின் தேவை வணிகக் கணக்கு. சம்பளப் பட்டியல், களஞ்சிய இருப்பு, வங்கி மீதி. எண்களும் எழுத்துகளும் இருந்தால் அவற்றுக்குப் போதும். கூட்டல், கழித்தல், சிறிது பெரிது என்ற ஒப்பீடு ஆகியவை மென்பொருளோடு கூடவே வந்தன. அதற்கப்பால் எதுவும் தேவைப்படும் என எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வொங்கும் 1973 அளவில் தொடங்கிய ஆய்வுத்திட்டமே இங்கிரஸ். அப்பெயரின் விரிவில் 'கிராபிக்ஸ்' என்ற சொல் அடங்கியிருக்கிறது. நகரப் பொருளாதாரத்தை ஆராய்ந்த குழுவினருக்காக நிலப்படத் தரவுகளைக் கையாள்வதே ஆரம்ப நோக்கங்களுள் ஒன்று. ஆனால் நிலப்பட வேலைக்கு இங்கிரஸ் சற்றும் பொருந்தவில்லை. இரண்டு செவ்வகங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றனவா என்று அறிய நான்கு எண் ஒப்பீடுகளை ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். செவ்வகமல்லாத காணித்துண்டாயின் எழுதவே முடியாது. உண்மையான காணி எதுவும் செவ்வகமாக இருப்பதில்லை என்பதை, உறுதிப்பத்திரமும் கையுமாக நில அளவையாளரின் பின்னே நடந்த எவரும் அறிவர்.

ஆக, காணிக்காரனுக்கும் பிணைமுறிக்காரனுக்கும் ஒரே நோய். மென்பொருள் அறிந்த வகைகள் அவர்களுக்குப் போதவில்லை. 30 நாள் மாதத்தை இங்கிரஸில் புகுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். புகுத்தினால் மறுநாள் விமானக் கம்பனியிலிருந்து தொலைபேசி வரும். உலகத்துத் தொழில்கள் ஒவ்வொன்றின் வழக்கத்தையும் மென்பொருள் நிறுவனமொன்று முன்கூட்டியே அறிந்து எழுதிவைக்க இயலாது. வகைகளை வரையறுக்கும் உரிமையையே பயனரிடம் கொடுத்துவிடுவது ஒன்றுதான் வழி.

பேர்க்லியில் 1986 இல் ஸ்டோன்பிரேக்கரும் லோறன்ஸ் றோவும் வெளியிட்ட போஸ்ட்கிரெஸ் வடிவமைப்பு இந்த முடிவிலிருந்தே புறப்பட்டது. இங்கிரஸுக்குப் 'பின்' வந்தது என்பதே அப்பெயரின் பொருள். அதன் உட்கட்டமைப்பில் என்னை வியக்கவைத்தது ஒன்று. தரவுத்தளம் அறிந்த தரவு வகைகள், சார்புகள், கழித்தல் போன்ற குறிகள் ஆகிய யாவும் அதற்குள்ளேயே சாதாரண அட்டவணைகளில் வரிசைகளாகப் பதியப்பட்டுள்ளன. ஆகவே புதிய சார்பொன்றைச் சேர்ப்பதென்பது அடிப்படையில் அட்டவணையொன்றில் ஒரு வரியைச் சேர்ப்பதே. 'பிணைமுறித் திகதி' என ஒரு வகையை உருவாக்கி, அதற்குரிய கழித்தலை சி மொழியில் எழுதி, இரண்டையும் பதிந்துவிட்டால், அதன்பின் அத்திகதிகளுக்கிடையே கழித்தற் குறி தோன்றும் இடமெல்லாம் மாதத்துக்கு 30 நாட்கள். மென்பொருளின் மூலத்தைத் திருத்த வேண்டியதில்லை. அதனை நிறுத்த வேண்டியதுமில்லை.

இதே காலத்தில், அதே பேர்க்லி ஊரில், முற்றிலும் வேறொரு காரணத்துக்காக இன்னொரு கதவும் திறக்கப்பட்டது. இன்று 'ஸ்டோர்ட் புரொசீஜர்' என்று கணனித் துறையினர் கூறும் தேக்கிவைத்த செயன்முறையின் வரலாறு இங்கேதான் வருகிறது.

இங்கிரஸ் ஆய்வில் பங்குபற்றிய பொப் எப்ஸ்டீன் என்பவர் மார்க் ஹொஃப்மனுடன் சேர்ந்து 1984 இல் தொடங்கிய நிறுவனம் சைபேஸ். பெருங்கணனி ஒன்றின் முன் எல்லோரும் அமர்ந்திருந்த காலம் முடிந்து, மேசைக்கு மேசை சிறு கணனியும் தூரத்தில் ஒரு சேவையகக் கணனியும் என்ற ஒழுங்கு பரவிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே வலையமைப்புக் கம்பி. அந்தக் கம்பியே இடுக்கண். ஒரு கணக்கிலிருந்து மற்றக் கணக்குக்குப் பணம் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கேள், போதுமா எனப் பார், ஒன்றில் கழி, மற்றதில் கூட்டு, பதிவேட்டில் எழுது, முடித்துவை. ஒவ்வொரு படிக்கும் ஒரு செய்தி போய் ஒரு பதில் திரும்பி வரவேண்டும். அவ்வளவு நேரமும் அக்கணக்குகள் பூட்டப்பட்டிருக்கும், மற்றவர்கள் காத்திருப்பர்.

1987 இல் வெளிவந்த சைபேஸின் எஸ்.கியூ.எல். சேவர், இந்தப் படிகள் யாவற்றையும் ஒரு பெயரின்கீழ் தொகுத்துத் தரவுத்தளத்துக்குள்ளேயே தேக்கிவைக்க இடந்தந்தது. மேசைக் கணனி அப்பெயரையும் தொகையையும் மட்டும் அனுப்பினாற் போதும். ஒரு போக்கு, ஒரு வரவு. அத்தோடு, ஓர் அட்டவணையில் மாற்றம் நிகழ்ந்தவுடன் தானாகவே இயங்கும் ட்ரிகர் என்ற வசதியும் வந்தது. நியூயோர்க்கின் பங்குச்சந்தை நிறுவனங்கள் இதனை விரும்பி வாங்கின.

வேகம் மட்டுமே பயன் என்று கருதுவது தவறு. கச்சேரியில் பதிவேட்டு அறைக்குள் பொதுமக்கள் நுழைவதில்லை. விண்ணப்பத்தை நிரப்பிச் சாளரத்தில் கொடுக்கிறோம். லிகிதர் உள்ளே சென்று பதிவேட்டைப் பார்த்து வேண்டியதைச் செய்கிறார். தேக்கிவைத்த செயன்முறையும் அப்படியே. அட்டவணையைத் தொடும் உரிமையைப் பயனருக்கு மறுத்துவிட்டு, செயன்முறையை அழைக்கும் உரிமையை மட்டும் கொடுக்கலாம். வங்கிகளின் கணக்காய்வாளர்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

ஒரக்கிள் நிறுவனம் 1988 இல் தனது ஆறாம் பதிப்பில் பி.எல்.எஸ்.கியூ.எல். என்ற மொழியைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக வகுக்கப்பட்ட ஏடா மொழியின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். ஆனால் அம்மொழியில் எழுதியவற்றைத் தரவுத்தளத்துக்குள் தேக்கிவைக்கும் வசதி 1992 இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே கிடைத்தது. சைபேஸுடன் கூட்டுச் சேர்ந்த மைக்ரோசொப்ட் நிறுவனம் பின்னர் பிரிந்து அதே மொழியைத் தன் வழியில் வளர்த்தது. இவற்றுக்கெல்லாம் பொதுவான சர்வதேச நியமம் 1996 இல்தான் வெளிவந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நிறுவனத்துக்கு ஒரு மொழியாக வளர்ந்து, ஒன்றில் எழுதியது மற்றதில் ஓடாது என்ற நிலை உறுதிப்பட்டுவிட்டது. ஆயிரக்கணக்கான செயன்முறைகளை ஒரு நிறுவனத்தின் மொழியில் எழுதிய வங்கி, விலை எவ்வளவு உயர்ந்தாலும் அந்நிறுவனத்தை விட்டு விலகுவது எளிதன்று. இது தற்செயலாக நேர்ந்ததா, திட்டமிட்டதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. விற்பவருக்கு அது கசக்கவில்லை என்பது மட்டும் என் துணிபு.

இப்போது போஸ்ட்கிரெஸுக்குத் திரும்புவோம். ஸ்டோன்பிரேக்கர் அதனை 1992 இல் வணிகத்துக்குக் கொண்டுவந்தார். இலஸ்ட்ரா எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம், நிலப்படம், ஒளிப்படம், காலத்தொடர் என ஒவ்வொன்றுக்கும் உரிய வகைகளையும் சார்புகளையும் பொதிகளாக விற்றது. கத்திப்பிடி ஒன்று, வேண்டிய அலகை மாற்றிக்கொள்ளலாம் என்ற கருத்தில் அவற்றுக்கு 'டேட்டாபிளேட்' என்று பெயர். 1996 பெப்ரவரி 8 ஆம் திகதி றிக் ஸ்மோலன் என்ற ஒளிப்படப் பத்திரிகையாளர் உலகெங்கிலுமிருந்து ஒரே நாளில் படங்களையும் செய்திகளையும் திரட்டி இணையத்தில் ஏற்றினாரே, அன்றைய படங்களின் களஞ்சியம் இலஸ்ட்ராதான். அதே ஆண்டில் இன்ஃபோமிக்ஸ் நிறுவனம் இலஸ்ட்ராவை வாங்கியது. 1997 இல் இன்ஃபோமிக்ஸின் வருமானக் கணக்குகள் பெருமளவில் ஊதிக்காட்டப்பட்டிருந்தமை அம்பலமாகி அந்நிறுவனம் நிலைகுலைந்தது. 2001 இல் அதன் தரவுத்தளப் பிரிவை ஐபிஎம் 100 கோடி டொலருக்கு வாங்கியது. நல்ல கருத்தொன்று கெட்ட கணக்கால் வீழ்ந்தது.

ஆனால் பல்கலைக்கழகத்தில் விட்டுச்சென்ற பிரதி சாகவில்லை. பேர்க்லி தனது ஆய்வை முடித்துக்கொண்டபின், அன்ட்ரூ யூ, ஜொலி சென் என்ற இரு மாணவர்கள் 1994 இல் அதற்கு எஸ்.கியூ.எல். மொழியைச் சேர்த்தனர். 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரில், இணையத்தில் ஒன்றுகூடிய தன்னார்வலர்கள் அதனை இலவசமாக வளர்த்துவருகின்றனர். 1998 இல் ஜான் வீக் அதற்குச் செயன்முறை மொழியொன்றை உருவாக்கினார். 2001 இல் கனடாவின் விக்டோரியா நகரிலுள்ள சிறு நிறுவனமொன்று போஸ்ட்ஜிஸ் என்ற நிலப்படப் பொதியை வெளியிட்டது. 1973 இல் இங்கிரஸ் செய்ய விரும்பியும் இயலாமற்போன வேலையை 28 ஆண்டுகளின் பின் அதன் வழித்தோன்றல் செய்யத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்குத் தேவைப்படும் எண்திரள்களை ஒப்பிடுவதற்காக 2021 இல் வந்த பிஜிவெக்டர் என்ற பொதியும் அதே வாசலால்தான் நுழைந்தது. பிணைமுறிக்காரனுக்காகத் திறந்த வாசல்.

வாசல் திறந்தால் திருடனும் வருவான். சி மொழியில் எழுதிய சார்பு தரவுத்தளத்தின் உடலுக்குள்ளேயே ஓடுவது. அதில் ஒரு தவறு நேர்ந்தால் முழுச் சேவையகமும் விழும். மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேவரில், கணனியின் இயக்கமுறைமைக்கே கட்டளையிடும் செயன்முறையொன்று கூடவே வழங்கப்பட்டிருந்தது. 2002 மே மாதத்தில் ஸ்பைடா என்ற கணனிப்புழு, நிர்வாகிக்குக் கடவுச்சொல்லே இடாதிருந்த சேவையகங்களைத் தேடிச் சென்று, அந்தச் செயன்முறையைக் கொண்டே அவற்றைக் கைப்பற்றியது. 2005 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது மூடப்பட்ட நிலையிலேயே வருகிறது. வேண்டியவர் திறந்துகொள்ள வேண்டும்.

மைஎஸ்கியூஎல் என்ற மற்றோர் இலவசத் தரவுத்தளம் நெடுங்காலம் இச்செயன்முறைகள் இல்லாமலே பெரும் புகழடைந்து, 2005 ஒக்டோபரில் வந்த 5.0 பதிப்பில்தான் அவற்றை ஏற்றுக்கொண்டது. 'விதிகளைச் செய்நிரலில் எழுதுங்கள், தரவுத்தளம் வெறும் பெட்டகமாக இருக்கட்டும்' என்று வாதிடும் அணியினர் இன்றும் பலர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எனினும் நான் முழுமையாக அந்த அணியில் சேரமாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் பணியாற்றிய அலுவலகமொன்றின் நூலகத்தில், செய்தி நறுக்குகளின் அட்டைகளைக் கணனிக்கு மாற்றினோம். தலைப்புகளை வரிசைப்படுத்தியபோது கணனி தந்த ஒழுங்கு இது: படம், பனை, பயறு, பறவை, பலா, பள்ளம், பழம். பள்ளியில் நெடுங்கணக்குப் படித்த எவரும் படம், பயறு, பலா, பழம், பள்ளம், பறவை, பனை என்றே அடுக்குவர். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளிக்குறியோ உயிர்க்குறிகள் யாவற்றுக்கும் பின்னே. அதனால் அகராதியில் முன்னே நிற்க வேண்டிய 'அக்கா', 'அகம்' என்பதற்குப் பின்னே தள்ளப்பட்டது. கணனிக்கு அது பிழையன்று. இலக்க ஒழுங்கில் அடுக்கச் சொன்னால் அது அடுக்கும்.

அலுவலகத்திலிருந்த இளைஞர் ஒருவர் இதற்கு ஒரு சார்பு எழுதினார். உயிருக்கு 01 முதல் 12, ஆய்தத்துக்கு 13, மெய்களுக்கு 14 முதல் 31. மெய்யை அடுத்துப் புள்ளி வந்தால் 00, அகரமாயின் 01, ஆகாரமாயின் 02 என உயிரின் எண். இவ்வாறு பலா 22012602 ஆகும், பனை 22013109 ஆகும். பலா முன்னே வந்துவிடும். நூலகத் திரை, ஆசிரியபீடத்துத் தேடற்பக்கம், இணையப் பதிப்பு ஆகிய மூன்றும் ஒரே தரவுத்தளத்தை வெவ்வேறு செய்நிரல்களால் திறந்தன. சார்பு தரவுத்தளத்துக்குள் இருந்தபடியால் மூன்றிலும் ஒரே நாளில் ஒழுங்கு சரியாயிற்று. விதியைச் செய்நிரலில் வைத்திருந்தால் மூன்று இடத்தில் எழுதி, மூன்று விதமாகப் பிழைவிட்டிருப்போம்.

சில ஆண்டுகளின் பின் அவர் வெளிநாடு சென்றார். பழைய கணனி பழுதடைய, புதியதற்குத் தரவுத்தளம் பிரதிசெய்யப்பட்டது. அட்டவணைகள் யாவும் குறைவின்றி வந்தன. சார்பு வரவில்லை. நாம் பாவித்த பிரதிக்கருவி, தனியாகக் கேட்டாலன்றிச் சார்புகளையும் செயன்முறைகளையும் எடுப்பதில்லை என்பது அன்று எமக்குத் தெரியாது. திரைகள் மூன்றும் பெறுபேறு தராமல் நின்றன. வேறொருவர் வந்து பார்த்து, 'இல்லாத எதையோ அழைக்கிறது' என்று கூறி, அந்த அழைப்பை நீக்கிவிட்டார். திரைகள் இயங்கின. பனை மீண்டும் பயறுக்கு முன் வந்து நின்றது. அது ஏன் அவ்வாறு நிற்கிறது என்று அவ்வலுவலகத்தில் சொல்லக்கூடியவர் நானும் நூலகரும் மட்டுமே. எம் இருவருக்கும் அதைத் திருத்தத் தெரியாது.

இன்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்றவற்றில் தமிழ் அகரவரிசையைப் பெயர் சொல்லிக் கேட்டுப் பெறும் வசதி உண்டு. 2017 இல் வந்த அதன் பத்தாம் பதிப்பிலிருந்து அது எளிதாயிற்று. அன்று எமக்கு அது கிடைக்கவில்லை. இறுதியில் அந்த இளைஞருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அவர் தமது பழைய கோப்புகளில் தேடி, நாற்பது வரியளவான அந்தச் சார்பை அனுப்பிவைத்தார். நூலகர் அதனை மீண்டும் ஏற்றச் செய்ததோடு நிற்கவில்லை. தாளில் அச்சிட்டு, அட்டையளவுக்கு மடித்து, மூலையில் கிடந்த பழைய மரப்பெட்டகத்தின் முதலாவது இழுப்பறையில், அகரத்துக்கு முன்னே செருகிவைத்தார்.